தென்மேற்குப் பக்கம்

பக்கத்தில் நின்ற ஐந்து லிண்டன் மரங்களையும்
மார்ச்சில் வெட்டி
முப்பத்திரண்டு கார்களுக்கு இடம் பண்ணினார்கள்.
மிஞ்சியது இது மட்டும்.
லாங்கென்தால் நகரசபைப் பதிவேட்டில்
இலக்கம் 417,
வயது நூற்றிமுப்பது சொச்சம்,
நிலை: நலம்.

பீச் மரம் என்று சொன்னால்
கடற்கரைக்கா வேலைக்குப் போகிறாய் என்கிறான் தம்பி.
இங்கே பூஹெ என்பார்கள்.
வந்த வருசம் அந்தப் பேரை நம்பி
பூத் தேடி அண்ணாந்து நின்றவள் நான்.
பூ உண்டுதான்,
ஒட்டடைக் குஞ்சம் மாதிரி.
யாரும் சூடமாட்டார்கள்.

ஜூலையில் ஒருநாள் கொர்டூலா கூப்பிட்டு
இந்தப் பக்கத்தைத் தொட்டுப்பார் என்றாள்.
பிற்பகல் மூன்று மணி.
உள்ளங்கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
இத்தனை காலம் பக்கத்து மரங்களின் நிழலில்
நின்ற தோல்.
தடிக்கப் பழகவேயில்லை.
ஓக் மரத்துக்குச் செதில் இருக்கிறது
பைனுக்குத் தகடு இருக்கிறது
இதற்கு மேலே ஒரு சாம்பல் சவ்வு,
அவ்வளவுதான்.
இரண்டிடத்தில் ஏற்கெனவே சிவந்து
கொப்புளித்திருந்தது.

ஆகவே பூச்சு.
முதலில் தும்புப் பிரஷால் பாசியைத் தேய்க்கவேணும்,
குழந்தையின் முதுகு தேய்க்கிற பலம் போதும்.
பிறகு அடிப்பூச்சு. அது காயும்வரை
வேரடியில் கார் ஏறாமல் காவல்.
(வேர் ஆழத்தில் இல்லை, பாய் விரித்தாற்போல மேலேயே கிடக்கிறது.
சொன்னால் ஓட்டுகிறவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள்,
நிலத்தைப் பார்ப்பதில்லை.)
பிறகு வெள்ளை.
திருச்சி போகிற சாலையில் புளியமரங்களுக்கு
இடுப்பளவு வெள்ளை அடித்திருக்கக் கண்டிருக்கிறேன்.
அது லாரிக்காரன் கண்ணுக்கு.
இது மரத்துக்கே.

ஏணியில் பாதி ஏறியிருந்தபோது
எதிர்க் கட்டடத்திலிருந்து எக்லி அம்மா வந்தார்,
வீட்டுச் செருப்போடு.
என்ன இது, மாவுக்கட்டா என்றார்.
சொன்னேன்.
அங்கே எழுத்து இருக்கிறது என்றார்.
இருந்தது, என் தோளுயரத்தில்:
ஒரு E, ஒரு கூட்டல் குறி, ஒரு W, 1961.
மரம் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்து
W இப்போது
காலகட்டி நிற்கிற ஆள் மாதிரி.
வேணுமென்றால் அந்த இடத்தை விட்டுப் பூசவா?
சட்டத்தில் இல்லை, ஆனாலும் கேட்டேன்.
நாலு விரல் இடம்தானே.
வெயில் அதற்குள்ளும் வருமே என்று
அவர்தான் என்னிடம் சொன்னார்.
பின்னும் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு,
அவன் ஓல்ட்டனில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.
பூசு.
ரெண்டு தரம் பூசு.

ரெண்டு தரம் பூசினேன்.
வெள்ளை நிறத்தைத்தான் மூடும்,
தடிப்பை மூடாது.
பிரஷ் அந்த இடத்தில் ஏறி இறங்கியது
வேகத்தடை மாதிரி.
அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்.
அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை,
கிளை முடிகிற வட்டத்தில் ஊற்றவேணும்,
வட்டத்தில் முக்கால்வாசி இப்போது தார்.
செப்டம்பரில் காய் கொட்டியது,
காணாதது கண்டாற்போல்,
கார்க் கூரையெல்லாம் முள்தோடு.
பதினேழு முறைப்பாடுகள்.
நிறையக் காய்த்தால் நல்லதில்லையா என்றேன்.
கொர்டூலா ஆமென்றும் இல்லையென்றும்
தலையாட்டாமல் நின்றாள்.
பயந்த மரமும் இப்படிக் காய்க்கும் என்றாள்.

உதிர்ந்த இலையை ஊதித் தள்ளச் சொன்னார்கள்.
தள்ளினேன், வேரடிக்கு.

ஏப்ரல்.
பதினாலாம் இலக்கத் தரிப்பிடத்தில்
தார் வெடிப்புக்குள்
காதுமடல் போல ரெண்டு வித்திலைகள்,
நடுவில் இன்னும் மடிப்புக் கலையாத ஒன்று.
இந்த இடத்தில் மரமாகாது. தெரியும்.
இலையுதிர்ந்த பிறகுதான் தோண்டி எடுக்கலாம்,
அதுவரை ஏழு மாதம்.
வண்டியிலிருந்து செம்மஞ்சள் கூம்புகள் நாலை எடுத்து
சுற்றி வைத்தேன்.
யாரும் கேட்டால்
பள்ளம் திருத்துகிறோம்,
தார் வரவில்லை.